எதிரியாக வந்தவர், தளபதியாகத் தூங்குகிறார்... யார் இந்த டி லனாய்?

புதுக்கோட்டைப் பக்கம் போனா திருமயம் கோட்டையில ஏறி, உச்சியில இருக்குற பீரங்கியோட ஒரு செல்ஃபி எடுக்காம இறங்க மாட்டீங்க. அடுத்த ட்ரிப்புக்கு இன்னொரு கோட்டை சொல்றேன். தக்கலை பக்கத்துல, உதயகிரி. அங்கே ஒரு வெளிநாட்டுக்காரரோட கல்லறை இருக்கு. கல்லில் லத்தீனும் தமிழும் சேர்ந்தே செதுக்கியிருக்கும்.

பேரு யூஸ்டாச்சியஸ் டி லனாய். 1715-ல் பிறந்த ஃப்ளெமிஷ்காரர். டச்சு கம்பெனிப் படையில வேலை. அந்தப் படையில டச்சுக்காரங்க மட்டும்தான் இருந்தாங்கன்னு நினைச்சுடாதீங்க. சம்பளத்துக்காகக் கப்பல் ஏறின ஜெர்மன்காரங்க ஏகப்பட்ட பேர். 1741-ல் குளச்சல்ல திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா அந்தப் படையைத் தோற்கடிச்சார். சிறைபிடிக்கப்பட்டவங்கள்ல 26 வயசு டி லனாயும் ஒருத்தர்.

மன்னர் அவரைக் கொல்லலை, வேலை கொடுத்தார். நேத்துவரைக்கும் யாரைச் சுட்டாரோ, அவங்களுக்கே துப்பாக்கிப் பயிற்சி! உதயகிரியில பீரங்கி வார்த்தார், வட்டக்கோட்டையைப் பலப்படுத்தினார். வடக்கே நெடுங்கோட்டை அரணை எழுப்பினார். பின்னாடி 1789-ல் திப்பு சுல்தானோட முதல் தாக்குதல் முறிஞ்சது அங்கேதான். ஜனங்க அவருக்கு வெச்ச பேரு 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய கேப்டன்.

இதுவரைக்கும் சினிமா மாதிரி இருக்குல்ல? இனிமேதான் வலி.

அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை அவருக்கு நெருங்கிய நண்பர். மாடுகள் செத்து, சொத்து கரைஞ்சு நொந்துபோயிருந்தவருக்கு, பைபிள்ல வர்ற யோபு கதையைச் சொன்னது டி லனாய்தான். 1745-ல் வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் வாங்கி அவர் தேவசகாயம் ஆனார். பிறகு கைது, சித்திரவதை. 1752-ல் காற்றாடி மலையில சுட்டுக் கொன்னாங்க. 2022-ல் வாடிகன் புனிதரா அறிவிச்சதே, அவரேதான்.

உத்தரவு போட்டது டி லனாய் சேவை செய்த அதே அரசு. சுட்டதும் அந்த நாட்டுச் சிப்பாய்கள்தான். 'பெரிய கேப்டன்'ங்கிற பட்டத்தால நண்பரோட உயிரைக் காப்பாத்த முடியலை. அதுக்கப்புறமும் அவர் வேலையை விடலை. 1758-ல் மன்னர் இறந்தார், அடுத்த மன்னர்கிட்டயும் அதே சேவை. இது விசுவாசமா, வேற போக்கிடம் இல்லாததாலயா? எனக்கென்னவோ ரெண்டும்தான்னு தோணுது. சொந்தக் கம்பெனிக்கு எதிரா வாள் எடுத்தவருக்கு ஊர் திரும்புற வழி சுலபமா திறந்திருக்காது.

1765-ல் மகன் யோவான் களக்காட்டுச் சண்டையில இறந்தான். இருபது வயசுகூட நிறையலை. அவனும் திருவிதாங்கூருக்காகத்தான் சண்டை போட்டான். ஆனா அவனுக்கு இது 'வந்த நாடு' கிடையாது, சொந்த ஊரு.

டி லனாய் இறந்தது 1777 ஜூன் 1. திருவிதாங்கூர்ல மட்டும் 36 வருஷம்! உதயகிரிக்குள்ள கூரையில்லாத சின்ன தேவாலயத்துல அவரோட மனைவி மார்கரெட்டும் மகனும் பக்கத்துலயே இருக்காங்க. கல்லில் இருக்கிற தமிழ் எழுத்துகளைக் கொஞ்சம் நிதானமா படிச்சுட்டு வாங்க.