நாப்பழக்கம் தந்த நாவலர் டெமாஸ்தனிஸ்

சொல்வன்மை கருவிலே அமையும் திரு என்று கருதுவோர் பலர். அக்கருத்து முற்றும் மெய்யன்று என்பதற்குக் கிரேக்க நாவலர் டெமாஸ்தனிஸின் வாழ்க்கை தக்க சான்றாகும்.

அவர் கி.மு. 384இல் பிறந்தவர், ஏதென்ஸ் நகரத்தார். தந்தையார் வாள் செய்யும் தொழிற்கூடத்தை உடைய செல்வர். மைந்தர் ஏழு வயதுச் சிறுவராக இருக்கும்போதே அவர் மறைந்தார். பிள்ளையையும் பொருளையும் காக்க அமர்த்தப்பெற்ற மூவர் அச்செல்வத்தின் பெரும்பகுதியை விழுங்கினர். உரிய வயதை எய்தியபோது டெமாஸ்தனிஸின் கைக்கு எஞ்சியது சிறு பங்கே. இழந்ததை மீட்க வழக்கு மன்றமன்றி வேறு வழியில்லை. அங்கோ, வழக்குத் தொடுப்பவர் தாமே எழுந்து பேசுதல் ஏதென்ஸ் நகர நெறி. நாவால் வாதிட இயலாதவனுக்கு நீதியும் எட்டாக்கனி. ஐசீயஸ் என்னும் அறிஞரிடம் பயின்று, ஏறத்தாழ இருபதாம் வயதில் அவர் வழக்காடி வென்றார். எனினும் செல்வம் முழுவதும் மீளவில்லை.

வழக்கு மன்றத்தில் வென்றவர் மக்களவையில் தோற்றார். திறந்தவெளியில் ஆயிரக்கணக்கானோர் கூடும் அவை அது. அவர் முதன்முதலாகப் பேசியபோது அவையினர் நகைத்தனர். குரல் மெலிந்தது; சொல் தெளிவாக எழவில்லை; மூச்சு நீளாமையால் வாக்கியங்கள் இடையிலே அறுந்தன. ரகர ஒலியும் அவர் நாவுக்கு எளிதில் வசப்படவில்லை என்பர். மனமுடைந்து திரிந்த அவருக்குச் சாட்டிரஸ் என்னும் நடிகர் ஒரு பாடற்பகுதியை உரிய குரலோடும் மெய்ப்பாட்டோடும் சொல்லிக் காட்டினார். சொல்லும் முறையால் பொருள் உயிர் பெறுவதை டெமாஸ்தனிஸ் அன்று உணர்ந்தார்.

அதன்பின் தொடங்கியது அவரது அருந்தவம். வாயிற் கூழாங்கற்களை இட்டுக்கொண்டு, அவற்றைக் கடந்து ஒலி தெளிவாக வரும்வரை பேசிப் பழகினார். மேட்டில் ஏறியவாறும் ஓடியவாறும் செய்யுட்களை ஒரே மூச்சில் சொல்லி மூச்சை வளப்படுத்தினார். பேரலைகளின் இரைச்சலுக்கு எதிரே கடற்கரையில் நின்று குரலை உயர்த்தினார். பெரிய கண்ணாடியின்முன் நின்று மெய்ப்பாடுகளைத் திருத்தினார். நிலவறை ஒன்றை அமைத்து, வெளியே செல்ல நாணும்படி தலையில் ஒருபாதியை மழித்துக்கொண்டு, மாதக்கணக்கில் அங்கேயே பயின்றார். நாப்பயிற்சிகளை முதுமையில் அவரே கூறக் கேட்டதாக பலேரம் ஊர் டெமெட்ரியஸ் குறித்துள்ளார் என்று புளூட்டார்க் எழுதுகின்றார்.

இவ்வாறு பெற்ற நாவை அவர் தம் நலத்துக்கு மட்டும் பயன்படுத்தவில்லை. மாசிடோனிய மன்னர் பிலிப்பு கிரேக்க நகரங்களை ஒவ்வொன்றாகக் கைக்கொண்டபோது, கி.மு. 351 முதல் அவருக்கு எதிராக ஏதென்ஸ் மக்களை எழுப்பினார். கி.மு. 338இல் கெரோனியாப் போரில் ஏதென்ஸ் தோற்றது. தோற்ற பின்னரும், அப்போரில் வீழ்ந்தோர்க்கு இரங்கலுரை ஆற்ற நகரம் அவரையே தேர்ந்தது. கி.மு. 330இல் தம் பொதுவாழ்வைக் காத்து அவர் பேசிய பேருரைக்குமுன் எதிராளி ஈஸ்கினிஸ் ஐந்தில் ஒரு பங்கு வாக்கும் பெறாது நகரைவிட்டு நீங்கினார். பின்னாளில் கையூட்டுக் குற்றம் சாட்டப்பெற்று, தண்டனையும் அடைந்து, நாடு துறந்து மீண்டார். கி.மு. 322இல் மாசிடோனியர் துரத்த, கலோரியாத் தீவின் கோயிலொன்றில் நஞ்சுண்டு மாண்டார்.

டெமாஸ்தனிஸின் உறுதியே நாம் கொள்ளத்தக்கது, கூழாங்கல் அன்று. அது தொண்டையை அடைத்து உயிருக்கே ஊறு செய்யும். திக்குவாய் நாவின் வலிமைக் குறைவால் வருவதன்று என்பதும், அதற்குப் பேச்சுப் பயிற்சி வல்லுநரின் துணை வேண்டும் என்பதும் இன்றைய மருத்துவம் கண்ட உண்மைகள். ஏனையோர் நாள்தோறும் ஒரு பக்கத்தையேனும் வாய்விட்டு, நிறுத்தி, ஒவ்வோர் எழுத்தும் பிறக்குமிடம் உணர்ந்து படித்தலே நல்ல நாப்பயிற்சி.

மாணவர் மற்றொன்றையும் மறத்தலாகாது. அன்று ஏதென்ஸ் அவை நகைத்தது, பின்னாளில் தன் உரிமைக்காகக் குரல் எழுப்பவிருந்த ஒருவரைப் பார்த்தே. நம் வகுப்பில் சொல் தடுமாறும் தோழரைப் பொறுத்திருந்து கேட்போம். அவருக்கும் சொல்லவேண்டியது ஒன்று உண்டு.