வாங்கில் அமர்ந்த வல்லவர்

ஒரு துறையில் உச்சியை எட்டியவரின் வாழ்க்கையை எழுதுவோர், அவர் உயர்ந்து நின்ற ஆண்டுகளையே விரித்துரைப்பர். இறங்கிய ஆண்டுகளை ஒரு வரியிற் கடந்து செல்வர். அமெரிக்க பேஸ்போல் வீரர் ஜிம்மி பொக்ஸின் வரலாற்றைப் படிக்குந்தோறும் அந்த ஒரு வரியே என்னைத் தடுத்து நிறுத்துகின்றது. 1944 ஆம் ஆண்டில் அவர் சிக்காகோ கப்ஸ் அணிக்காக 15 ஆட்டங்களில் இறங்கினார். கணக்கில் வந்த 20 முறைகளில் ஒரே ஒரு முறைதான் அவருடைய அடி பலித்தது.

கிறிக்கெற்றிற் பழகிய நமக்கு இதன் கடுமை உடனே விளங்காது. பேஸ்போலில் ஒன்பது பேர் முறைவைத்துத் துடுப்பெடுப்பர். நாள்தோறும் ஆடுபவருக்கு ஓர் ஆட்டத்தில் பெரும்பாலும் நான்கு முறை வாய்ப்புக் கிட்டும். முதன்முறை தவறினாலும், பந்தெறிபவரின் கைப்போக்கை அறிந்து அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். இக்கட்டான வேளையில் ஒருவரை விலக்கி, வாங்கில் இருக்கும் இன்னொருவரைத் துடுப்புடன் அனுப்பும் வழக்கமும் உண்டு. விலக்கப்பட்டவர் அன்று மீண்டும் ஆட இயலாது. வந்தவரோ நெடுநேரம் உடல் குளிர அமர்ந்திருந்தவர். சில பந்துகளில் அவருடைய தீர்ப்பு முடிந்துவிடும்.

பொக்ஸ் இந்த வாங்கிலிருந்தே புறப்பட்டவர் என்பது கருதத்தக்கது. 1907 ஒக்டோபர் 22 ஆம் நாள், மேரிலாந்து மாநிலத்துச் சட்லர்ஸ்வில் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்திற் பிறந்தார். முன்னாள் வீரர் பிராங் பேக்கர் அவர் ஆற்றலைக் கண்டு, பிலடெல்பியா அத்லெற்றிக்ஸ் அணியை நடத்திய கொனி மக்கிடம் எடுத்துரைத்தார். 1925 மே முதலாம் நாள், பதினேழு வயதில், மாற்றுத் துடுப்பாட்டக்காரராகவே முதன்முதற் களமிறங்கினார், அடி பலித்தது. அவ்வாண்டில் 9 முறைகளில் 6 முறை வென்றார். மிக்கி கொக்ரேன் என்னும் பெருவீரர் அவருக்குரிய இடத்தில் நின்றமையால், அடுத்து வந்த ஆண்டுகளிலும் அவர் பெரும்பாலும் வாங்கிலேயே காத்திருந்தார். ஆயினும் அது வளரும் இளைஞனின் காத்திருப்பு.

பின் வந்த புகழ் பெரிது. 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் அவரது அணி உலகத் தொடரை வென்றது. 1932 இல் 58 ஹோம் ரன்கள் அடித்தார். பேப் ரூத்தின் 60 என்ற எல்லைக்கு இரண்டே குறைவு. 1933 இல் அடிச் சராசரி, ஹோம் ரன், ஈட்டிக்கொடுத்த ஓட்டங்கள் ஆகிய மூன்றிலும் தம் லீக்கில் முதலிடம் பெற்றார். பொருளாதார மந்தத்தால் நலிந்த மக், 1935 இன் இறுதியில் அவரைப் பொஸ்ரன் ரெட் சொக்ஸ் அணிக்குக் கைமாற்றினார். அங்கே 1938 இல் 50 ஹோம் ரன்கள் அடித்து, மூன்றாம் முறையாகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். 1940 செப்டெம்பரில் ஐந்நூறாவது ஹோம் ரன்னை எட்டியபோது வயது முப்பத்திரண்டே.

இறக்கம் விரைந்து வந்தது. 1934 இல் வினிப்பெக் நகரில் எறிபந்து தலையிற் பட்டிருந்தது. பின்னாளில் நாசியறை நோயும் மதுப் பழக்கமும் வாட்டின. 1942 இல் பொஸ்ரன் அவரைக் கைவிட, சிக்காகோ ஏற்றது. அவ்வாண்டில் அவருடைய சராசரி ஆயிரத்துக்கு 226 ஆயிற்று. 1943 இல் அவர் ஆடவில்லை. உலகப் போருக்கு இளைஞர் பலர் சென்றுவிட, ஆள் தேடிய அணி 1944 இல் அவரை மீண்டும் அழைத்தது.

அந்த 20 முறைகள் அவருடைய நல்ல காலத்தில் ஐந்து நாள் வேலை. ஐந்து நாள் அடி பலிக்காத துன்பம் எவ்வீரருக்கும் நேரும். ஆறாம் நாள் மீள்வர். வாங்கில் இருப்பவருக்கு அந்த ஆறாம் நாள் இல்லை. முதியவரிடம் அனுபவம் மிகுந்திருக்கும். ஆனால் குளிர்ந்த உடலுடன் எழுந்து வேகப்பந்தை உடனே எதிர்கொள்ள வேண்டிய விரைவுதான் குன்றியிருக்கும். எது குறைந்ததோ அதனையே வாங்கு அவரிடம் கேட்டது.

இவ்வாறு நான் கருதுவதற்கு அடுத்த ஆண்டே காரணம். 1945 இல் பிலடெல்பியா பிலீஸ் அணி அவருக்கு 89 ஆட்டங்களில் இடமளித்தது. சராசரி 268 ஆக உயர்ந்தது; 7 ஹோம் ரன்களும் வந்தன. 9 ஆட்டங்களிற் பந்தெறியவும் செய்து, ஒன்றில் வெற்றியும் ஈட்டினார். போர்க்காலப் பந்தெறிவு தளர்ந்திருந்தது உண்மையே. ஆயினும் 1944 இன் கணக்கு அவர் முற்றாக அழிந்துவிட்டார் என்று கூறியது. 1945 அதனை மறுத்தது. மொத்தம் 534 ஹோம் ரன்களுடன் அவர் விடைபெற்றார். 1966 இல் வில்லி மேஸ் முந்தும்வரை, ரூத் ஒருவரே அவருக்கு மேல் இருந்தார்.

1951 இல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். 1952 இல் போர்ட் வெயின் டெய்சீஸ் என்னும் பெண்கள் அணியை நடத்தினார். ஈட்டிய பொருள் கையில் நிலைக்கவில்லை. 1967 ஜூலை 21 இல், ஐம்பத்தொன்பதாம் வயதில், மயாமியிற் காலமானார்.

ஒருவரைச் சில வாய்ப்புகளைக் கொண்டு அளப்பது வகுப்பறையிலும் நாம் அன்றாடம் செய்வதே. 1932 இன் பொக்ஸை மாணவருக்குக் கூறும் ஆசிரியர், அந்த இருபது முறைகளையும், அடுத்த ஆண்டின் எண்பத்தொன்பது ஆட்டங்களையும் சேர்த்தே கூறுதல் நன்று.