அலையின் இயல்பை அறிந்த ஆசான்

சென்னை மாநகரில் மயிலாப்பூர் மாடவீதிகளை அடுத்துள்ள பழைய வீடுகளிலும், தியாகராய நகரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும், அடையாற்றுப் பகுதியின் இல்லங்களிலும் இந்நாளில் ஒரு சிறு பெட்டியைக் காணலாம். இணையத்தை வீட்டிற்குள் கொணரும் கம்பி அப்பெட்டியோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் செய்தியைச் சுமந்து செல்வது கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலையே. ரவுட்டர் என்றும் திசைவி என்றும் வழங்கும் அப்பெட்டி, கூடத்தில் நன்கு பணியாற்றும். பின்கட்டிலோ பாடம் கேட்கும் மாணவனைப் பாதியிலே கைவிடும். விலை மிகுந்த பெட்டியை வாங்கிய பின்னரும் இக்குறை நீங்காமை உண்டு. காரணம் யாது? பெட்டியைப் பார்த்தவர் பலர். அலையின் இயல்பை ஆராய்ந்தவர் சிலர். அவ்வியல்பை நூற்றாண்டுக்கு முன்னரே பாரத நாட்டில் ஆராய்ந்து கண்ட பேரறிஞர் ஒருவர் உளர். அவரே ஜகதீச சந்திர போஸ்.

இளமையும் கல்வியும்

போஸ் 1858-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் வங்க நாட்டில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசாங்க அலுவலர். அக்காலத்தில் உயர்நிலையில் இருந்தோர் தம் மைந்தரை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புதலே பெருமையெனக் கருதினர். பகவான் சந்திரரோ, மகன் முதற்கண் தாய்மொழியில் பயில வேண்டும், எளியவரோடு பழக வேண்டும் என்று விரும்பினார். அதனால் போஸ் ஏவலாளர் மகனோடும் மீனவர் மகனோடும் ஒரே பலகையில் அமர்ந்து கற்றார். அவர்கள் கூறிய பறவை, விலங்கு, நீர்வாழ் உயிர் ஆகியவற்றின் கதைகளே இயற்கையை ஆராயும் வேட்கையை அவர் உள்ளத்தில் விதைத்தன.

பின்னர்க் கல்கத்தாவில் தூய சவேரியார் கல்லூரியில் பயின்று, 1880-இல் இங்கிலாந்து சென்றார். மருத்துவம் பயிலத் தொடங்கியவர், உடல் நலங்குன்றியமையால் அதனை விடுத்துக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயின்றார். ராலே பெருமகனார் அவர்தம் ஆசிரியருள் ஒருவர். 1885-இல் தாயகம் திரும்பிய போஸ், கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக அமர்ந்தார்.

ஊதியம் பெறாத பேராசிரியர்

அக்காலத்தில் ஒரே பணியைச் செய்யினும், ஐரோப்பியர் பெற்றதில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியர்க்கு ஊதியமாகக் கிடைத்தது. போஸ் தற்காலிகமாக அமர்த்தப் பெற்றமையால் அவருக்கு அதனினும் குறைவாகவே வரையறுத்தனர். அவர் சினந்து பணியைத் துறக்கவில்லை. இழிவைத் தாங்கி ஊதியத்தைப் பெறவுமில்லை. மூன்றாண்டுகள் ஒரு காசும் பெறாது, ஒரு நாளும் கடமை தவறாது பாடம் நடத்தினார். தந்தையார்க்குக் கடன் சுமை இருந்த காலம் அது. இறுதியில் கல்லூரித் தலைவரும் கல்வித்துறைத் தலைவரும் அவர் தகுதியை உணர்ந்தனர். முழு ஊதியமும், கடந்த மூன்றாண்டுகளுக்குரிய தொகையும் ஒருங்கே வழங்கப்பட்டன. அப்பொருள் தந்தையாரின் கடனைத் தீர்க்கப் பயன்பட்டது.

1887-இல் அவர் அபலா அம்மையாரை மணந்தார். அவ்வம்மையாருக்கும் நம் சென்னைக்கும் தொடர்பு உண்டு. கல்கத்தாவில் பெண்கள் மருத்துவம் பயில இடமில்லாதிருந்தபோது, 1882-இல் அவர் சென்னைக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் பயின்றார். உடல்நலக் குறைவால் படிப்பு முற்றுப்பெறவில்லை. ஆயினும் பிற்காலத்தில் பெண் கல்விக்காக அவர் ஆற்றிய தொண்டு பெரிது.

குளியலறை அருகில் ஆய்வுக்கூடம்

மின்னும் காந்தமும் கூடி அலையாய்ப் பரவும் என்று மாக்ஸ்வெல் என்னும் அறிஞர் கணக்கினால் கண்டார். ஹெர்ட்ஸ் என்பவர் 1888-இல் அதனை ஆய்வினால் மெய்ப்பித்தார். ஹெர்ட்ஸ் ஆண்ட அலைகள் நீளமானவை. அவற்றை ஆராயப் பெரிய கருவிகளும் பெரிய கூடமும் வேண்டும். போஸுக்குக் கிடைத்ததோ, குளியலறையை அடுத்த ஏறத்தாழ 24 சதுர அடி அறை. கருவி செய்ய உதவியவர் உள்ளூர்த் தகரத் தொழிலாளர் ஒருவர். இடம் சிறிதாயின் அலையையும் சிறிதாக்குவோம் என்று போஸ் துணிந்தார். 1894-இல் தொடங்கிய அம்முயற்சியில், 5 மில்லிமீட்டர் அளவே நீளமுள்ள அலைகளை அவர் உண்டாக்கினார். அத்தகைய அலை ஒரு நொடியில் 6000 கோடி முறை அதிர்வது. அவற்றைச் செலுத்தும் கொம்பு வடிவக் குழல்களையும், உணரும் நுண்கருவிகளையும் தாமே அமைத்தார்.

1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் மாநிலத் துணை ஆளுநர் முன்னிலையில் தம் ஆய்வை நிகழ்த்திக் காட்டினார். மின்னலை சுவர்களையும் துணை ஆளுநரின் உடலையும் ஊடுருவி, ஏறத்தாழ 75 அடி சென்றது. அப்பால் இருந்த மணி ஒலித்தது; வெடிமருந்தும் வெடித்தது. இடையே கம்பி இல்லாமை கண்டு அவையோர் வியந்தனர்.

அலைக்கு எது தெளிவு? எது தடை?

வியப்போடு நில்லாமல், அவ்வலைகள் எப்பொருளில் நுழையும், எப்பொருளில் நுழையா என்பதையும் போஸ் ஆராய்ந்தார். அவர் கண்ட முடிவுகள் நம் கண்ணின் தீர்ப்புக்கு மாறானவை. நீர் நம் கண்ணுக்குத் தெளிவுடையது. ஆனால் ஒரு குவளை நீர் அவ்வலையைத் தடுத்துவிட்டது. செங்கல்லும் கீலும் நம் பார்வையை மறைப்பவை. அவற்றினூடே அலை சென்றது. புகைவண்டிக் கால அட்டவணை நூலொன்றின் ஏடுகளுக்கிடையே உலோகத் தகடுகளைச் செருகினார். அந்நூலை ஒருவாறு பிடித்தபோது அலை நின்றது. 90 பாகை திருப்பியபோது கடந்து சென்றது. அலைக்கு நீளம் மட்டுமன்றி, அதிரும் திசையும் உண்டு என்பதை இவ்வெளிய கருவியே விளக்கியது.

1896-இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் அளித்தது. 1897-இல் இலண்டன் அரச நிறுவனத்தில் அவர் உரையாற்றினார். தம் கருவியின் அமைப்பை யாவரும் அறிய வெளிப்படுத்தினார்; அதனால் பொருளீட்ட அவர் விரும்பவில்லை. நண்பர் வற்புறுத்தியமையால் கலீனா என்னும் ஈயக் கனிமத்தாலாகிய உணர்கருவிக்கு மட்டும் 1904-இல் அமெரிக்க உரிமம் பெற்றார். அதனையும் பொருளாக்க முயன்றாரில்லை. கம்பியில்லாத் தந்தியை வாணிகமாக வளர்த்த மார்க்கோனி, பிரான் என்பவரோடு 1909-இல் நோபல் பரிசு பெற்றார். போஸின் பெயர் பின்தங்கியது. அவர் அதற்காக வருந்தி ஓய்ந்திலர். செடிகொடிகளின் உணர்ச்சியை ஆராயப் புகுந்தார். 1917-இல் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1920-இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1937 நவம்பர் 23-ஆம் நாள் இயற்கை எய்தினார். 2012-இல் ஐ.இ.இ.இ. என்னும் உலகப் பொறியாளர் கழகம் அவருடைய சிற்றலை ஆய்வைப் பொறியியல் வரலாற்றின் மைல்கற்களுள் ஒன்றாகப் போற்றியது.

இல்லத்திற்கு ஏற்ற பெட்டி

போஸின் ஆய்வு நம் வீட்டுத் திசைவிக்கும் பொருந்துவதே. இக்காலப் பெட்டிகள் பெரும்பாலும் இருவகை அலைகளை ஆள்கின்றன. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர். மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். நீளம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். முன்னது சுவர்களைக் கடந்து தொலைவு செல்லும். ஆனால் அண்டை வீட்டுப் பெட்டிகளும் நுண்ணலை அடுப்பும் அதே அலையைப் பயன்படுத்துதலால் நெரிசல் மிகும். பின்னது விரைவு மிக்கது, நெரிசல் குறைந்தது. ஆயின் சுவர்தோறும் வலிமையைப் பெரிதும் இழக்கும். போஸ் ஆண்ட 5 மில்லிமீட்டர் அலையையே ஆளும் பெட்டிகளும் உள. அவை மிக விரைவானவை. ஆனால் ஓரறைக்குள் மட்டுமே பயன் தருபவை. ஒரு செங்கல்லை ஊடுருவிய அலையும் தடித்த சுவர்கள் பலவற்றைக் கடக்கையில் தேய்ந்துபோகும் அன்றோ?

ஆகவே தியாகராய நகரில் நெருங்கிய அடுக்குமாடியில் இரண்டு அறை கொண்ட இல்லத்திற்கு, இருவகை அலையும் ஆளும் பெட்டி ஒன்றே போதும். மயிலாப்பூரில் அகன்ற சுவர்களோடு நீண்டு கிடக்கும் பழைய வீட்டிற்கு, எத்துணைப் பெரியதாயினும் ஒரு பெட்டி போதாது. சிறு பெட்டிகள் இரண்டு மூன்றைக் கம்பியால் இணைத்து வெவ்வேறு இடத்தில் வைத்தலே தக்கது. அலைக்கம்புகள் மிகுந்த பெட்டியை வாங்கினால் குறை தீரும் என்பது முழு உண்மையன்று. பெட்டியின் குரல் கைபேசிக்கு எட்டினால் மட்டும் போதாது. கைபேசியின் மெல்லிய குரலும் பெட்டிக்கு எட்டுதல் வேண்டும். மேலும், வெளியிலிருந்து வரும் இணைப்பின் விரைவுக்கு மேல் எப்பெட்டியும் விரைவு தாராது. குழாயில் நீர் குறைவாயின், பெரிய குடம் வாங்குவதால் நீர் பெருகுமோ?

வைக்கும் இடமும் கருதத்தக்கது. இரும்பு அலமாரிக்குள்ளோ, நீர்த்தொட்டியின் அருகிலோ, பெரிய நிலைக்கண்ணாடியின் பின்னோ பெட்டியை வைத்தல் ஆகாது. உலோகம் அலையைத் திருப்பும். நீர் அதனை உறிஞ்சும். வீட்டின் நடுவில், உயர்ந்த இடத்தில் வைத்தலே நன்று.

கண்ணுக்குத் தெளிந்தவையெல்லாம் அலைக்குத் தெளிந்தவையல்ல. கண்ணை மறைப்பவையெல்லாம் அலையை மறைப்பவையுமல்ல. புறத்தோற்றத்தை நம்பாது பொருளின் இயல்பை ஆராய்ந்தார் போஸ். அறையின் சிறுமை அவர் அறிவைச் சிறுக்கச் செய்யவில்லை; ஊதியத்தின் சிறுமை அவர் கடமையைக் குறைக்கவில்லை. விலையையும் விளம்பரத்தையும் கண்டு மயங்காமல், சுவரையும் தொலைவையும் அளந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கும் மாணவன், அப்பெரியாரின் வழியில் ஓரடி எடுத்து வைத்தவனே ஆவான்.