பஞ்சம் வளர்த்த விசுவாசம்: பண்டித ரமாபாய்

சமஸ்கிருத அறிஞர் அனந்த சாஸ்திரி டோங்ரேயும் மனைவியும் 1870-களின் பஞ்சத்தில் பட்டினியால் மாண்டனர். எஞ்சிய மகள் ரமாபாய்க்கு 1878-ல் கல்கத்தா அறிஞர்கள் பண்டிதை எனப் பட்டமளித்தனர். 1882-ல் கணவரைக் காலரா கொண்டுசென்றது. கையில் குழந்தை மனோரமா.

மறு ஆண்டு இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். ஆயினும் மதம் கிடைத்தும் கிறிஸ்து கிட்டவில்லை என்ற ஏக்கம் எட்டாண்டுகள் அவரை வாட்டியது. விதவையருக்காக 1889-ல் மும்பையில் சாரதா சதனத்தைத் தொடங்கினார். மதமாற்றப் புகார் எழுந்ததால் 1893-ல் ஆதரவாளர் பலர் விலகினர். அவர் தளரவில்லை.

1896-97 பஞ்சத்தின்போது மத்திய மாகாணத்துக்குச் சென்றார். தாம் பட்ட பசியின் நினைவே தம்மை அங்கு உந்தியதாகப் பின்னர் எழுதினார். மீட்கப்பட்ட நூற்றுக்கணக்கான சிறுமியருக்கு, புணே அருகே கேட்காவில் அவர் அமைத்த முக்தி இல்லம் அடைக்கலமாயிற்று.

1921-ல் மனோரமாவும் மறைந்தார். மராத்தி விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்துவந்த தாய், 1922 ஏப்ரல் 5-ல் காலமானார்.