வித்தியாசாகரரும் கைம்பெண் மறுமணமும்

உலக வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு அதனை மூன்று கைகள் எழுதிவருவது புலனாகும். ஒன்று, தீமை கண்டு பொறாத சீர்திருத்தக்காரரின் கை. மற்றொன்று, சட்டம் இயற்றும் அரசாங்கத்தின் கை. மூன்றாவது, அச்சட்டத்தை வீட்டினுள் ஏற்கவும் வாயிலிலேயே நிறுத்திவிடவும் வல்ல சமூகத்தின் கை. முன்னிரண்டும் ஒன்றுகூடிய விடத்தும், மூன்றாவது பின்வாங்குமாயின் எடுத்த காரியம் அரைகுறையாகவே நின்றுவிடும். இவ்வுண்மையை விளக்குதற்கு வங்கநாட்டு ஈசுவரசந்திர வித்தியாசாகரர் சரித்திரத்தினும் சிறந்ததொன்று கிடைத்தல் அரிது. நம் சங்கத்து அன்பர்களும், சிறப்பாக நம் தாய்மாரும் அறிதற்குரியதாகலின் அதனை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

வித்தியாசாகரர் 1820-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள், மேதினிபுரத்தைச் சார்ந்த பீர்சிங்கா என்னும் சிற்றூரில் ஓர் ஏழை அந்தணர் குடியிற் பிறந்தார். தந்தையார் தாகுர்தாசர் கல்கத்தாவில் சிறு சம்பளத்திற்கு உழைத்து வந்தவர். அன்னையார் பகவதி தேவியார், பிறர் பசி பொறாத நெஞ்சினர். எட்டு வயதளவில் தந்தையுடன் ஊரிலிருந்து கல்கத்தாவுக்கு நடந்து சென்ற சிறுவர், வழியிலுள்ள மைல் கற்களைப் பார்த்தே ஆங்கில எண்களைக் கற்றுக்கொண்டனர் என்பர். 1829-ஆம் ஆண்டில் கல்கத்தா சமஸ்கிருதக் கலாசாலையிற் சேர்ந்து, இலக்கணம், இலக்கியம், தருக்கம், வேதாந்தம், தருமசாத்திரம் ஆகியவற்றைப் பன்னீராண்டு பயின்று, கல்விக்கடல் எனப் பொருள்படும் வித்தியாசாகரர் என்னும் பட்டத்தைப் பெற்றார். இயற்பெயரினும் அப்பட்டமே பின்னர் உலகில் நிலைபெற்றது.

அவர் கலாசாலையிற் சேர்ந்த அதே 1829-ஆம் ஆண்டின் இறுதியிலேதான், இராஜா ராம்மோகன் ராயர் போன்றோரின் முயற்சி துணைநிற்க, கவர்னர் ஜெனரல் பெண்டிங்கு பிரபு உடன்கட்டை ஏறுதலைக் குற்றமாக்கிச் சட்டஞ் செய்தார். கணவன் சிதையிலிருந்து பெண் காக்கப்பட்டாள். ஆயினும் அவள் உயிரோடிருந்து வாழ வேண்டிய வாழ்வு யாது? ஒருவேளை உணவு, வெண்புடவை, மங்கல மனைகளில் ஒதுக்கிடம் என்பனவே. பால்மணம் மாறாத சிறுமியர்க்கும் உயர்குலத்தார் வீடுகளில் இதுவே விதியாயிற்று.

மாணவப் பருவத்திலேயே இக்கொடுமை வித்தியாசாகரர் நெஞ்சைத் தொட்டது. அவர்பால் அன்புடைய முதிய ஆசிரியர் ஒருவர், தள்ளாத வயதில் ஓர் இளஞ்சிறுமியை மணந்துகொண்டார். அச்சிறுமியைக் கண்ட மாணவர் கண்ணீர் வடித்தனர். இனி அவ்வீட்டில் உண்ணேன் என மறுத்து வெளியேறினர். சின்னாளில் அவ்வாசிரியர் இறந்தார், சிறுமி கைம்பெண்ணாயினாள். இந்நிகழ்ச்சியை அவர் சரித்திரம் எழுதினோர் தவறாது குறிப்பிடுவர்.

1841-ஆம் ஆண்டில், இருபத்தோராவது வயதில், வில்லியங் கோட்டைக் கலாசாலையின் தலைமைப் பண்டிதராய் அமர்ந்தார். 1851-ஆம் ஆண்டில் தாம் பயின்ற சமஸ்கிருதக் கலாசாலைக்கே தலைவரானார். அதுகாறும் அந்தணரும் வைத்தியருமாகிய இரு குலத்தார்க்கே திறந்திருந்த அதன் கதவுகளை அவ்வாண்டிலேயே காயஸ்தர்க்கும், பின்னர் ஏனைய இந்துக்களுக்கும் திறந்துவைத்தார். கலைமகள் ஒரு குலத்தார்க்கே உரியளல்லள் என்பதை வாதத்தினாலன்றி நிருவாகத்தினால் நிலைநாட்டிய செயல் அது. 1855-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட வர்ணபரிசயம் என்னும் அரிச்சுவடி, வங்கச் சிறார் தலைமுறை தலைமுறையாகக் கையிலெடுத்த முதல் நூலாயிற்று.

அவ்வாண்டிலேயே தம் வாழ்நாட் பெரும்போரையும் தொடங்கினார். கைம்பெண் மறுமணம் சாத்திரத்திற்கு விரோதம் என்பதே எதிரிகள் கையிலிருந்த வாள். பண்டிதர் அவ்வாளையே பற்றிக்கொண்டார். இரவும் பகலும் ஏடுகளை ஆராய்ந்து, கலியுகத்திற்கு உரியதாகிய பராசர ஸ்மிருதி, கணவன் இறத்தல் முதலிய ஐவகை இடர்களில் பெண் வேறு கணவனைக் கொள்ளலாம் என விதித்திருத்தலை எடுத்துக்காட்டி, 1855-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சிறு நூலொன்று வெளியிட்டார். மறுப்பு நூல்கள் பல எழுந்தன. அவற்றிற்கெல்லாம் விடையாக அவ்வாண்டிலேயே இரண்டாம் நூலை வெளியிட்டார்.

பின்னர்ச் சட்டம் வேண்டி அரசாங்கத்திற்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். அதிற் கையொப்பமிட்டோர் 1,000 பேருக்கும் சற்றுக் குறைந்தவரே. அதனை எதிர்த்து இராஜா ராதாகாந்த தேவர் தலைமையில் சென்ற விண்ணப்பத்திலோ 36,000-க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். தலைகளை எண்ணித் தீர்ப்பதாயின் அன்றே தோல்வி உறுதி. ஆயினும், விரும்பாதவரை வற்புறுத்தாது விரும்புவார்க்கு வழிவிடுதலே இச்சட்டம் எனக் கருதிய அரசாங்கம், கிராண்டு துரை கொணர்ந்த மசோதாவை ஏற்று, 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இந்துக் கைம்பெண் மறுமணச் சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டு டிசம்பர் 7-ஆம் நாள், கல்கத்தாவில் ஸ்ரீசசந்திர வித்தியாரத்தினர் என்னும் பண்டிதர்க்கும், சிறுமிப் பருவத்தே கணவனை இழந்த காளிமதிக்கும் அச்சட்டத்தின்படி முதல் மணம் நடந்தேறியது.

சட்டம் வென்றது, சமூகம் வென்றதோ? கூட்டங்களிற் கைதட்டியவர் பலர் மணப்பந்தலில் தலைகாட்டவில்லை. பொருளுதவி செய்வதாக வாக்களித்தோர் கைவிரித்தனர். மறுமணஞ் செய்துகொண்டோரை உறவினர் விலக்கி வைத்தனர். மணச்செலவுகளையெல்லாம் தாமே ஏற்ற வித்தியாசாகரர் பல்லாயிரம் ரூபாய்க் கடனாளியானார். அவர் நடத்திவைத்த மணங்கள் பத்துக் கணக்கின. கைம்பெண்களோ இலக்கக் கணக்கினர். ஊரார் பிள்ளைகளுக்கு உபதேசிப்பதோடு நில்லாது, 1870-ஆம் ஆண்டில் தம் ஒரே மைந்தர் நாராயணசந்திரர் ஒரு கைம்பெண்ணை மணக்க முன்வந்தபோது, உறவினர் தடுத்தும் மனமுவந்து வாழ்த்தினர். சொல்லும் செயலும் ஒன்றாதல் இதுவன்றோ?

அரசாங்கத்தின் கையும் என்றும் துணைநிற்கவில்லை. மேலதிகாரிகளின் இசைவை நம்பி 1857, 1858-ஆம் ஆண்டுகளில் அவர் கிராமங்களில் 35 பெண்பள்ளிகளைத் தொடங்கினார். ஏறக்குறைய 1,300 சிறுமியர் சேர்ந்தனர். நிலையான பொருளுதவிக்கு அரசாங்கம் இணங்கவில்லை. 1858-ஆம் ஆண்டில், மாதம் 500 ரூபாய் ஊதியந்தந்த பதவியை விட்டு அவர் விலகினார். பலதார மணத்தை ஒழிக்க அவர் வேண்டிய சட்டமும், 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின் குல வழக்கங்களிற் கைவைக்க அஞ்சிய அரசாங்கத்தால் கைவிடப்பட்டது. இறுதிக்காலத்தில் நகரத்தாரிடம் மனங்கசந்து, கர்மாடர் என்னுமிடத்தில் சந்தால் மக்களிடையே பன்னாள் தங்கி, அவர்க்கு மருந்தும் உணவும் அளித்து வாழ்ந்தார். 1891-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் கல்கத்தாவில் அவர் ஆவி பிரிந்தது.

அவர் ஏற்றிய விளக்கு வங்கத்தோடு அவிந்ததன்று. இராஜமகேந்திரவரத்தில் கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு 1881-ஆம் ஆண்டில் ஆந்திரநாட்டு முதல் மறுமணத்தை நடத்தினார். சென்னையிற் பத்திரிகாசிரியராய் விளங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர் 1889-ஆம் ஆண்டில், இளமையிலே கணவனை இழந்த தம் மகளார்க்கே மறுமணஞ் செய்துவைத்து, உறவினரது விலக்கத்திற்கு ஆளாயினர்.

நம்மனோர் சிந்தித்தற்குரிய செய்தி ஒன்றுண்டு. தமிழ்நாட்டுக் குலங்கள் பலவற்றில் அறுத்துக்கட்டும் வழக்கம் முன்பே இருந்தது. அவற்றுட் சில, உயர்வு தேடுவார்போல, அதனை இழிவென்று கைவிட்டன. பண்டிதர் ஒருவர் உயர்குலத்தார்க்குப் பெற்றுத்தரப் போராடிய உரிமையை, அதனைப் பெற்றிருந்தோர் தாமே எறிந்தனர். இதனினும் இரங்கத்தக்கது யாது? சங்கங்கள் குலப்பெருமையைப் பேசுங்கால் எதனைப் பெருமையெனக் கொள்கின்றோம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பழைய சட்டத்தில், மறுமணஞ் செய்துகொண்டவள் முதற் கணவன் சொத்தில் தனக்கிருந்த உரிமையை இழப்பாள் என்றொரு விதியிருந்தது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் கைம்பெண்ணுக்கு முழுச் சொத்துரிமை அளித்தது. 1856-ஆம் ஆண்டுச் சட்டமும் 1983-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. இனிச் சட்டத்தைக் குறைகூற நமக்கு இடமில்லை. ஆயினும் இன்றும் நம் கலியாண வீடுகளில், மகனைப் பெற்று வளர்த்த தாய், கைம்பெண் என்னும் ஒரே காரணத்தால் தாலி கட்டும் வேளையில் தூணுக்குப் பின்னே ஒதுங்கி நிற்கின்றாள். அவளை அழைத்து முன்நிறுத்த எந்த அரசாங்கமும் வரமாட்டாது. வித்தியாசாகரரும் மீண்டு வாரார். அது மூன்றாவது கையின் வேலை. அக்கை நம்முடையது. அடுத்த முகூர்த்தத்தில், மணமகனுக்கு அட்சதையிடும் முதற் கை அவ்வன்னையின் கையாகுக. நம் சங்கத்து வரன் ஏட்டில் இளங்கைம்பெண்கள் பெயரும் பிறர் பெயரோடு கூச்சமின்றி இடம்பெறுக. அப்பெரியார்க்கு நாம் செய்யும் நன்றிக்கடன் இதுவேயாம்.