விடுதியில் வாழ்ந்த நாவலாசிரியர்

செல்வம் சேர்ந்ததும் வீடு கட்டுதல் உலகவழக்கு. செல்வம் சேர்ந்த பின்னரும் விடுதியிலேயே தம் இறுதிக் காலத்தைக் கழித்தார், ருஷ்யாவிற் பிறந்து ஆங்கிலத்திற் புகழ்பெற்ற நாவலாசிரியர் விளாடிமிர் நபோக்கோவ்.

1899ஆம் ஆண்டு சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிற் செல்வக் குடியிலே தோன்றிய அவருக்கு, 17 வயதில் தாய்மாமனின் மாளிகையும் நிலமும் உரிமையாயின. மறு ஆண்டே புரட்சி மூண்டது, யாவும் பறிபோயின. 1919இல் குடும்பத்துடன் கப்பலேறியவர் தாய்நாட்டை மீண்டுங் காணவேயில்லை. 1922இல் பேர்லின் நகரிலே தந்தையார் சுட்டுக்கொல்லப்பட்டார். யூதரான மனைவி வேராவுடன் நாஜி ஜேர்மனியை நீங்கிப் பிரான்சிற் சில காலம் வாழ்ந்து, 1940இல் அமெரிக்கா சேர்ந்தார். கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்த காலத்தும், விடுமுறையிற் சென்ற பேராசிரியர்களின் வீடுகளிலேயே மாறி மாறிக் குடியிருந்தார்.

1958இல் அமெரிக்காவில் வெளியான ‘லொலிற்றா’ பெரும் பொருள் ஈட்டித் தந்தது. இத்தாலியில் இசை பயின்ற மகனுக்கு அண்மையில் இருக்க விரும்பி, 1961இல் சுவிற்சர்லாந்தின் மொன்றோ நகர விடுதியொன்றில் அறைகள் அமர்த்தினார். சிறிது காலத்துக்கென வந்தவர் 16 ஆண்டுகள் தங்கினார். ஜெனீவா வாவியை நோக்கிய அவ்வறைகளில் இருந்தவாறே, சிறு அட்டைகளில் நாவல்களை எழுதினார். கோடையில் மலைச்சாரல்களில் வண்ணத்துப்பூச்சிகளைத் தேடித் திரிந்தார்.

இளமையில் வாழ்ந்த வீட்டுக்கு ஒப்பானதன்றி வேறெதுவும் தமக்கு நிறைவு தராது என்பதே, வீடு வாங்காமைக்கு அவர் கூறிய காரணம். அவ்வீட்டை வருணிக்கும் தம் வாழ்க்கை நினைவுகளை 1966இல் அவ்விடுதியிலேயே திருத்தி விரித்து முடித்தார். 1977இல் மறைந்த அவரது அஸ்தி, அயலிலுள்ள கிளாரன்ஸ் மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது. மண்ணில் மீட்க இயலாத வீட்டை அவர் ஏட்டிலே மீட்டுச் சென்றார்.