எமிலி ஹாப்ஹவுஸ்

எமிலி ஹாப்ஹவுஸ் (ஏப்ரல் 9, 1860 – சூன் 8, 1926) இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு சமூக சேவகியும் அமைதிச் செயற்பாட்டாளரும் ஆவார். இரண்டாம் போவர் போரின்போது (1899–1902) பிரித்தானியப் படைகள் தென்னாப்பிரிக்காவில் அமைத்த தடுப்பு முகாம்களில் பெண்களும் குழந்தைகளும் பட்ட துன்பங்களை நேரில் கண்டு, அவற்றைப் பிரித்தானிய மக்களுக்கும் நாடாளுமன்றத்திற்கும் தெரியப்படுத்தியமைக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார். தன் நாட்டு அரசு நடத்திய போரில் எதிர்த்தரப்புக் குடிமக்களுக்காகப் பேசியதால் பிறந்த நாட்டில் துரோகி என்று தூற்றப்பட்டார். எதிரி நாடாக இருந்த தென்னாப்பிரிக்காவிலோ பெருமதிப்புடன் போற்றப்பட்டார்.

இளமைக் காலம்

எமிலி இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் உள்ள கார்ன்வால் மாவட்டத்தில் செயின்ட் ஐவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ரெஜினால்ட் ஹாப்ஹவுஸ் அவ்வூரின் ஆங்கிலிக்கத் திருச்சபைக் குரு. தாய் கரோலின் டிரிலானி. புகழ்பெற்ற சமூகவியலாளர் லியோனார்ட் ஹாப்ஹவுஸ் இவருடைய தம்பி. தம்பி ஆக்சுபோர்டில் பயின்றார். எமிலிக்கோ அக்காலப் பெண்கள் பலரைப் போலவே பெரும்பாலும் வீட்டுக்கல்வியே வாய்த்தது.

எமிலிக்கு இருபது வயதானபோது தாய் இறந்தார். அதன் பின்னர் நோயுற்ற தந்தையைப் பேணுவதிலேயே பதினான்கு ஆண்டுகளுக்கும் மேலாகக் கழிந்தது. 1895 இல் தந்தை இறந்ததும் ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திற்குச் சென்றார். அங்கு வர்ஜீனியா என்ற சுரங்க நகரில் குடியேறியிருந்த கார்ன்வால் தொழிலாளர்களிடையே நலப்பணி செய்தார். அந்நகரின் மேயராக இருந்த ஜான் கார் ஜாக்சன் என்பவருடன் திருமணம் நிச்சயிக்கப்பட்டது. இருவரும் மெக்சிக்கோவில் பண்ணை ஒன்றை வாங்கினர். பண்ணையில் போட்ட பணம் வீணாயிற்று, திருமணமும் நடைபெறவில்லை. 1898 இல் எமிலி இங்கிலாந்து திரும்பினார். அதன்பின் அவர் மணம் செய்துகொள்ளவில்லை.

இவருடைய சிற்றப்பா ஆர்தர் ஹாப்ஹவுஸ் பிரபு 1872 முதல் 1877 வரை இந்தியத் தலைமை ஆளுநரின் அவையில் சட்ட உறுப்பினராக இருந்தவர். இலண்டனில் இருந்த அவருடைய இல்லத்தின் வழியாகவே எமிலிக்குத் தாராளவாதக் கட்சித் தலைவர்களின் அறிமுகம் கிடைத்தது.

போவர் போரும் முகாம்களும்

போவர்கள் எனப்படுவோர் தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வழிவந்த உழவர்கள். டிரான்சுவால், ஆரஞ்சு விடுதலை நாடு என்னும் இரு குடியரசுகள் அவர்களுடையவை. 1899 அக்டோபரில் இவற்றுக்கும் பிரித்தானியாவுக்கும் போர் மூண்டது. 1900 ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் இரு தலைநகரங்களும் பிரித்தானியர் வசமாயின. ஆயினும் போவர்கள் பணியவில்லை. சிறு குதிரைப்படைகளாகப் பிரிந்து கரந்தடிப் போரில் இறங்கினர்.

இப்படைகளுக்கு உணவும் குதிரையும் செய்தியும் பண்ணைகளிலிருந்தே கிடைத்தன. எனவே பண்ணைகளையே அழிப்பது என்று பிரித்தானியத் தளபதிகள் முடிவு செய்தனர். ராபர்ட்சு பிரபு தொடங்கிய இம்முறையை அவருக்குப் பின்வந்த கிச்சனர் பிரபு மிகக் கடுமையாக நடைமுறைப்படுத்தினார். ஏறத்தாழ 30,000 பண்ணை வீடுகள் எரிக்கப்பட்டன, பயிர்கள் கொளுத்தப்பட்டன, ஆடுமாடுகள் கொல்லப்பட்டன. வீடிழந்த பெண்களும் குழந்தைகளும் முதியோரும் மாட்டு வண்டிகளிலும் திறந்த சரக்கு இரயில்களிலும் ஏற்றப்பட்டு முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பண்ணைகளில் வேலை செய்துவந்த கறுப்பின மக்களும் இவ்வாறே பெயர்க்கப்பட்டுத் தனி முகாம்களில் அடைக்கப்பட்டனர்.

இவை தொடக்கத்தில் அகதி முகாம்கள் என்றே அழைக்கப்பட்டன. சரணடைந்த போவர்களின் குடும்பங்களுக்குப் பாதுகாப்பு அளிப்பதற்காகச் சில முகாம்கள் முதலில் அமைந்தது உண்மையே. விரைவில் அங்கிருந்தோரில் பெரும்பாலோர் வலுக்கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டவர்களாயினர். கணவரோ தந்தையோ இன்னும் போர்க்களத்தில் இருந்த குடும்பங்களுக்குத் தொடக்க மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைந்த உணவே வழங்கப்பட்டது. ஆண்களைச் சரணடையச் செய்வதற்கு அவர்களுடைய குழந்தைகளின் உணவைக் கருவியாகக் கொண்ட இவ்வேற்பாடு 1901 இன் தொடக்கத்தில்தான் கைவிடப்பட்டது. பிற்காலத்தில் நாட்சி செருமனி நடத்திய வதைமுகாம்களைப் போல இவை கொல்வதற்கென்றே அமைக்கப்பட்டவை அல்ல. பட்டினி, நெரிசல், தூய்மையின்மை, அதிகாரிகளின் அக்கறையின்மை ஆகியவையே இங்கு மக்களைக் கொன்றன.

தென்னாப்பிரிக்கப் பயணம்

போரை எதிர்த்தவர்கள் இலண்டனில் தென்னாப்பிரிக்க இணக்கக் குழு என்னும் அமைப்பை நிறுவியிருந்தனர். அதன் தலைவர் லியோனார்ட் கோர்ட்னி அழைத்ததன் பேரில் எமிலி மகளிர் பிரிவின் செயலாளரானார். 1900 சூலையில் கார்ன்வாலின் லிசுக்கார்ட் நகரில் லாயிட் ஜார்ஜ் கலந்துகொண்ட எதிர்ப்புக் கூட்டம் கலகக்காரர்களால் குலைக்கப்பட்டது. எமிலியின் சொந்த மாவட்டத்திலேயே நிலைமை இவ்வாறு இருந்தது.

பண்ணைகள் எரிக்கப்படும் செய்தி வந்தபோது பெண்கள், குழந்தைகளுக்கான துயர்நீக்க நிதி ஒன்றை எமிலி தொடங்கினார். திரட்டிய பணத்தைத் தாமே எடுத்துச்சென்று நேரில் வழங்க விரும்பினார். 1900 டிசம்பர் 7 அன்று கப்பலேறி அம்மாத இறுதியில் கேப் டவுனை அடைந்தார். முகாம்கள் எத்தனை, எவ்வளவு பெரியவை என்பது கேப் டவுனுக்கு வந்த பிறகே அவருக்குத் தெரியவந்தது.

சிற்றன்னை கொடுத்த அறிமுகக் கடிதத்தைக் கொண்டு உயர் ஆணையர் மில்னரைச் சந்தித்தார். மில்னர் உடன்பட்டாலும் கிச்சனர் புளூம்ஃபொன்டெய்ன் வரை மட்டுமே செல்ல அனுமதித்தார். ஏறத்தாழ 12 டன் உணவும் துணியும் ஏற்றிய ஒரு சரக்குப் பெட்டியுடன் 1901 சனவரி 24 அன்று எமிலி அந்நகரை அடைந்தார்.

நகருக்கு வெளியே மரநிழல் இல்லாத வெட்டவெளியில் வெண்ணிறக் கூடாரங்கள் வரிசையாக நின்றன. ஏறத்தாழ 2,000 பேர் அங்கு இருந்தனர். தென்னாப்பிரிக்காவில் அது கடுங்கோடை. ஒரு கூடாரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வரை நெருங்கிக் கிடந்தனர். மழை பெய்தால் தரை முழுவதும் நீர். கட்டில்களோ மெத்தைகளோ இல்லை. குடிநீர் நச்சுக்காய்ச்சல் கிருமிகள் நிறைந்த மோடர் ஆற்றிலிருந்து வந்தது. அதைக் கொதிக்கவைக்கப் போதிய விறகில்லை. கொதிக்கவைத்த நீரைச் சேமித்து வைக்கப் பாத்திரமும் இல்லை. வழங்கப்பட்ட உணவுப் பொருட்களில் சவர்க்காரம் இடம்பெறவில்லை. எமிலி கேட்டபோது அது ஆடம்பரப் பொருள் என்று அதிகாரிகள் மறுமொழி கூறினர். விடாது வற்புறுத்தியதன் பேரில் சிறிதளவு வழங்கப்பட்டது. அவர் கேட்டவை இத்தகையனவே: சவர்க்காரம், நீர் கொதிக்கவைக்கும் கொப்பரைகள், பால் மாடுகளுக்குத் தீவனம், நோயாளிகளுக்குப் படுக்கை.

தட்டம்மை, நச்சுக்காய்ச்சல், வயிற்றுப்போக்கு, நிமோனியா ஆகியவை குழந்தைகளைக் கொத்துக்கொத்தாக மாய்த்தன. புளூம்ஃபொன்டெய்ன் முகாமில் எலும்பும் தோலுமாகக் கிடந்த லிசி வான் சைல் என்ற ஏழு வயதுச் சிறுமியை எமிலி பார்த்தார். அச்சிறுமி 1901 மே மாதம் இறந்தாள். அவளுடைய நிழற்படம் பின்னர் உலகெங்கும் பரவியது. தாயின் கவனக்குறைவே சிறுமியின் நிலைக்குக் காரணம் என்று போர் ஆதரவாளர்கள் கூறினர். எமிலி அதனை மறுத்து எழுதினார்.

நோர்வால்சுபொன்ட், அலிவால் நோர்த், சுபிரிங்ஃபொன்டெய்ன், கிம்பர்லி, மாஃபெக்கிங் ஆகிய இடங்களின் முகாம்களுக்கும் அவர் சென்றார். எல்லா முகாம்களும் ஒரே நிலையில் இருக்கவில்லை என்பதை அவரே பதிவு செய்துள்ளார். அலிவால் நோர்த், நோர்வால்சுபொன்ட் முகாம்களின் பொறுப்பாளர்கள் அக்கறையுடன் செயற்பட்டதால் அங்கு நிலைமை ஓரளவு மேலாக இருந்ததைப் பாராட்டினார். இது அவருடைய சாட்சியத்தின் நம்பகத்தன்மையைக் கூட்டியது எனலாம். ஏப்ரல் மாதம் புளூம்ஃபொன்டெய்னுக்குத் திரும்பியபோது முகாமின் மக்கள்தொகை இருமடங்காகியிருந்தது. பண்ணைகளிலிருந்து மேலும் மேலும் மக்கள் கொண்டுவரப்பட்டுக்கொண்டிருந்தனர். கையிலிருந்த பொருளைக் கொண்டு இவ்வளவு பேருக்கு உதவுவது இயலாது, கொள்கையை மாற்றச் செய்வதே வழி என்று முடிவு செய்து மே மாதம் இங்கிலாந்து புறப்பட்டார்.

அறிக்கையும் எதிர்வினையும்

1901 சூனில் போர் அமைச்சர் புரோட்ரிக்கைச் சந்தித்துத் தாம் கண்டவற்றை விளக்கினார். அதே மாதம் அவருடைய அறிக்கை வெளியானது. மிகையில்லாத நடையில், முகாம் முகாமாக, கூடாரம் கூடாரமாக எழுதப்பட்ட அவ்வறிக்கை பெரும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. எமிலியிடம் நேரில் விவரம் கேட்ட தாராளவாதக் கட்சித் தலைவர் கேம்பல்-பேனர்மன், சூன் 14 அன்று ஆற்றிய உரையில் அரசின் போர்முறையைக் காட்டுமிராண்டித்தனம் எனச் சாடினார். லாயிட் ஜார்ஜ் இவ்விடயத்தை நாடாளுமன்றத்தில் எழுப்பினார். மறுபுறம் பெரும்பாலான செய்தித்தாள்கள் எமிலியைப் பொய்யர் என்றும் துரோகி என்றும் தாக்கின. கூட்டம் நடத்துவதற்கு அரங்குகள் மறுக்கப்பட்டன.

எதிர்ப்பு வலுத்ததால் அரசு மில்லிசென்ட் ஃபாசெட் தலைமையில் பெண்கள் மட்டுமே உறுப்பினராக இருந்த ஆணைக்குழுவை அனுப்பியது. எமிலிக்கு அதில் இடமளிக்கப்படவில்லை. ஃபாசெட் போரை ஆதரித்தவர். இருந்தும் அக்குழுவின் அறிக்கை முக்கியக் கூறுகளில் எமிலி சொன்னதை உறுதிப்படுத்தியது. 1901 அக்டோபரில் முகாம்களின் இறப்பு வீதம் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 344 என்னும் உச்சத்தை எட்டியது. முகாம் நிர்வாகம் படையினரிடமிருந்து மில்னரின் குடிசார் நிர்வாகத்திற்கு மாற்றப்பட்ட பின்னர் உணவும் மருத்துவமும் மேம்பட்டன. 1902 பெப்ரவரியில் இறப்பு வீதம் 69 ஆகக் குறைந்தது; பின்னர் 20 அளவிற்கு இறங்கியது. இறப்புகள் தடுக்கக்கூடியவையாகவே இருந்தன என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

இதனிடையே 1901 அக்டோபர் இறுதியில் எமிலி மீண்டும் கேப் டவுன் சென்றார். கப்பலிலிருந்து இறங்கவே அனுமதிக்கப்படவில்லை. சில நாட்களுக்குப் பின் படைச்சட்டத்தின் கீழ், அவர் இணங்க மறுத்த நிலையில், படைவீரர்கள் அவரைத் தூக்கிச்சென்று வேறொரு கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்பினர். பிறகு பிரான்சில் தங்கி போரின் பாதிப்புகளைப் பற்றிய தமது நூலை எழுதினார். அது 1902 இல் வெளியானது.

போர் 1902 மே 31 அன்று முடிந்தது. முகாம்களில் 27,927 போவர்கள் இறந்ததாகப் பின்னர் கணக்கிடப்பட்டது. இவர்களில் 22,074 பேர் பதினாறு வயதிற்குட்பட்டவர்கள். 4,177 பேர் பெண்கள். கறுப்பின மக்களின் முகாம்களில் பதிவான இறப்புகள் மட்டுமே 14,000 க்கு மேல். உண்மை எண்ணிக்கை 20,000 ஐத் தாண்டும் என்பது பிற்கால ஆய்வாளர் பலரின் மதிப்பீடு. எமிலி கறுப்பின மக்களின் முகாம்களுக்கு நேரில் செல்லவில்லை. அங்கும் நோயும் இறப்பும் மிகுந்திருப்பதைக் கேள்வியுற்று, விசாரணை தேவை என்று தமது அறிக்கையில் குறிப்பிட்டார். ஆனால் ஃபாசெட் குழு அதனைப் பொருட்படுத்தவில்லை. அம்மக்களின் வரலாறு பல பத்தாண்டுகள் எழுதப்படாமலே கிடந்தது.

போருக்குப் பின்

1903 இல் தென்னாப்பிரிக்கா திரும்பிய எமிலி, எரிந்த பண்ணைகளில் உழவு தொடங்குவதற்கு ஏர்மாடுகளைத் திரட்டிக் கொடுத்தார். நிவாரணம் மட்டும் போதாது, பெண்களுக்கு வருமானம் தரும் தொழில் வேண்டும் என்று கருதி 1905 இல் ஃபிலிப்போலிசு என்னும் ஊரில் நூற்பு, நெசவுப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இத்தகைய பள்ளிகள் பின்னர் இருபதுக்கும் மேற்பட்டனவாகப் பெருகின. உடல்நலக் குறைவால் 1908 இல் நாடு திரும்பினார்.

முகாம்களில் இறந்தவர்களுக்காகப் புளூம்ஃபொன்டெய்னில் எழுப்பப்பட்ட தேசிய மகளிர் நினைவுச் சின்னத்தை 1913 டிசம்பர் 16 அன்று திறந்துவைக்க எமிலி அழைக்கப்பட்டார். வழியில் போஃபோர்ட் வெசுட்டில் இதய நோயால் பயணத்தை நிறுத்த நேர்ந்தது. விழாவில் அவருடைய உரை வாசிக்கப்பட்டது. பகைவரை மன்னிக்குமாறும், தமக்கென விரும்பிய விடுதலையைப் பிறருக்கு மறுக்காதிருக்குமாறும் அவ்வுரையில் அவர் போவர்களைக் கேட்டுக்கொண்டார்.

காந்தியும் இந்தியர் போராட்டமும்

இந்தப் பயணத்தின்போதே எமிலி இந்தியர் சிக்கலிலும் தலையிட்டார். ஒப்பந்தக் கூலிகளாகச் சென்று அங்கேயே தங்கிய இந்தியர்மீது விதிக்கப்பட்ட 3 பவுண் வரியை எதிர்த்து 1913 இறுதியில் நத்தாலின் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. அதில் கலந்துகொண்டோரில் தமிழர் பெருந்தொகையினர். சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பெப்ரவரியில் இறந்தது இப்போராட்டத்தின்போதுதான்.

பிரதமர் போத்தா, அமைச்சர் சுமட்சு இருவரும் எமிலியை மதித்தவர்கள். காந்தியுடன் பேசி உடன்பாடு காணுமாறு எமிலி சுமட்சுக்கு எழுதினார். கேப் டவுனில் காந்தியையும் கஸ்தூரிபாவையும் சந்தித்தார். 1914 சனவரியில் காந்தி–சுமட்சு இடைக்கால உடன்பாடு ஏற்பட்டது. அவ்வாண்டில் இந்தியர் நிவாரணச் சட்டத்தின் மூலம் 3 பவுண் வரி நீக்கப்பட்டது. உடன்பாட்டுக்குக் காரணங்கள் பல இருந்தபோதிலும் எமிலியின் உதவியைக் காந்தி மறக்கவில்லை. 1926 இல் எமிலி மறைந்தபோது யங் இந்தியா இதழில் அவருக்கு அஞ்சலிக் கட்டுரை எழுதினார். போவர் போரில் காந்தி பிரித்தானியர் பக்கம் நின்று இந்திய மருத்துவ உதவிப் படையை நடத்தியவர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

முதல் உலகப் போரும் இறுதிக் காலமும்

1914 இல் முதல் உலகப் போர் மூண்டபோதும் எமிலி எதிர்த்தார். செருமனி, ஆசுதிரியப் பெண்களுக்கு அமைதி வேண்டி 101 பிரித்தானியப் பெண்கள் கையெழுத்திட்ட திறந்த மடல் இவருடைய முயற்சியால் உருவாகி 1915 சனவரியில் வெளியானது. 1916 இல் பெல்சியம் வழியாகப் பெர்லின் சென்று செருமன் வெளியுறவு அமைச்சர் யாகோவைச் சந்தித்தார். போரின் நடுவே எதிரி நாட்டிற்குச் சென்றதற்காகப் பிரித்தானிய அரசு அவர்மீது கடுஞ்சினம் கொண்டது.

போர் முடிந்த பின் நடு ஐரோப்பாவில் பட்டினி பரவியது. செருமனியின் லைப்சிக் நகரில் பள்ளிக் குழந்தைகளுக்கு நாள்தோறும் உணவளிக்கும் பணியை எமிலி ஏற்றார். இதற்கான நிதியில் பெரும்பங்கு, இருபது ஆண்டுகளுக்கு முன் தாம் உதவிய தென்னாப்பிரிக்க மக்களிடமிருந்து வந்தது.

இப்பணிகளில் தம் பணத்தையெல்லாம் செலவிட்டுவிட்ட எமிலிக்கு முதுமையில் சொந்த வீடு இல்லை. ஆரஞ்சு விடுதலை நாட்டின் முன்னாள் அதிபர் இசுடெயினின் மனைவி டிபி இசுடெயின், தென்னாப்பிரிக்கப் பெண்களிடம் சிறுசிறு தொகைகளாக 2,300 பவுண் திரட்டி அனுப்பினார். அப்பணத்தில் 1921 இல் கார்ன்வாலின் செயின்ட் ஐவ்சு கடற்கரையில் வீடு வாங்கினார்.

எமிலி 1926 சூன் 8 அன்று இலண்டனில் காலமானார். இங்கிலாந்துச் செய்தித்தாள்கள் பெரிதும் கண்டுகொள்ளவில்லை. அவருடைய அத்தி தென்னாப்பிரிக்காவுக்கு எடுத்துச்செல்லப்பட்டு, 1926 அக்டோபரில் பெருந்திரளான மக்கள் கூடியிருக்க, புளூம்ஃபொன்டெய்ன் மகளிர் நினைவுச் சின்னத்தின் அடியில் வைக்கப்பட்டது. விடுதலை மாநிலத்தில் ஓர் ஊர் ஹாப்ஹவுஸ் என்ற பெயரைக் கொண்டுள்ளது. நிறவெறி ஆட்சிக் காலத்தில் தென்னாப்பிரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றுக்கும் வாழ்நாள் முழுதும் போரை எதிர்த்த இவருடைய பெயரே சூட்டப்பட்டது. 1990களில் அப்பெயர் மாற்றப்பட்டது.